அரசுப் பள்ளிக்குப் பணம் வரும் வழியும், பிளஸ் டூ முடித்த பிள்ளை போகும் வழியும்

"நான் படித்த கார்ப்பரேஷன் ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும், யாரைப் பார்க்கணும்?" சென்னையில் இப்படிக் கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் பொறியாளர் கேட்கிறார், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் கேட்கிறார், பாரிமுனையில் கடை வைத்திருப்பவர் கேட்கிறார். எல்லோருக்கும் உண்மையான அக்கறை இருக்கிறது. ஆனால் பள்ளிக்கு ஏற்கெனவே யார் பணம் தருகிறார்கள், எதற்குத் தருகிறார்கள், எது விட்டுப்போகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அது தெரியாமல் இறங்கினால், இருப்பதையே இன்னொரு தடவை வாங்கிக் கொடுப்பதில் போய் முடியும். பள்ளிக்கு நிதி திரட்டும் அமைப்புகள், பிள்ளைகளை மேற்படிப்புக்கும் வேலைக்கும் தயார் செய்யும் அமைப்புகள் என்று இந்த ஊரில் பல இருக்கின்றன. அவை எப்படி இயங்குகின்றன என்று புதிதாகத் தெரிந்துகொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய பணம் யாருடையது?

முதலில் ஒரு விஷயம். அரசுப் பள்ளியை நடத்துவது அரசின் பணம்தான். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். மாநிலத்தில் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. இந்தப் பணத்தின் பெரும்பகுதி ஆசிரியர், ஊழியர் சம்பளத்துக்குப் போகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆசிரியர் இல்லாமல் பள்ளி ஏது? ஆனால் தொண்டு நிறுவனங்களும் கம்பெனிகளும் சேர்ந்து தருவதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மிகச் சிறியது என்று புரியும். எந்த அமைப்பாவது "நாங்கள்தான் அரசுப் பள்ளிகளைக் காப்பாற்றுகிறோம்" என்று சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

மாநிலத்துக்கு அடுத்து ஒன்றிய அரசு. 1976இல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. அப்போதிலிருந்து பள்ளி விஷயத்தில் இரண்டு அரசுகளுக்கும் பங்கு உண்டு. 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டம்தான் இப்போது ஒன்றியப் பணம் வரும் முக்கிய வாய்க்கால். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் 100 ரூபாய் செலவில் 60 ஒன்றிய அரசும் 40 மாநில அரசும் போட வேண்டும். பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடாததைச் சொல்லி, 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது என்றது மாநில அரசு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் சிறப்பாசிரியர் சம்பளம், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான உதவி, பள்ளி மானியம் எல்லாம் இந்த வாய்க்காலில்தான் வருகின்றன. மேலே அடைத்தால் கீழே கடைசி வகுப்பறை வரைக்கும் அது தெரியும்.

மூன்றாவது, சென்னை மாநகராட்சி. இந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே "நான் அரசுப் பள்ளிக்கு எதுவும் கொடுத்ததில்லை" என்று சென்னைவாசி யாரும் வருத்தப்பட வேண்டாம், கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். மாநகராட்சி நடத்தும் பள்ளிகள் இன்றைக்கு 400க்கும் மேல். நகரத்தின் பணத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செலவழிக்கும் வழக்கம் இங்கே நூறு வருடப் பழக்கம். 1920இல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தீர்மானம் போட்டார்கள். தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. பிறகு காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் வந்த காலை உணவு எல்லாம் அதே எண்ணத்தின் தொடர்ச்சி.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சென்னையில் "அரசுப் பள்ளி" என்று நாம் பொதுவாகச் சொல்பவை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. சிலது மாநகராட்சிப் பள்ளி, சிலது பள்ளிக் கல்வித் துறையுடையது, சிலது ஆதிதிராவிடர் நலத் துறையுடையது. அரசு உதவிபெறும் பள்ளிகள் தனி. நிர்வாகம் ஒரு அறக்கட்டளையிடமோ மிஷனிடமோ இருக்கும், ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். நீங்கள் உதவப் போகும் பள்ளி எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் பள்ளி என்றால் ரிப்பன் மாளிகையில் இருக்கும் கல்வித் துறையின் அனுமதி வேண்டும். துறைப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். தலைமையாசிரியர் தலையாட்டிவிட்டார் என்று நேராகப் பெயின்ட் டப்பாவோடு போனால் அவருக்குத்தான் சங்கடம்.

ஐம்பதாயிரம் ரூபாயில் ஒரு வருடம்

கோடிக் கணக்கெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். தலைமையாசிரியர் கையில் உண்மையில் எவ்வளவு வருகிறது?

சமக்ர சிக்ஷாவில் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அது மாறும். 30 பேர் வரைக்கும் வருடத்துக்கு 10,000 ரூபாய், 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000, 1,000 வரைக்கும் 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும்.

180 பிள்ளைகள் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50,000. மாதத்துக்குப் பிரித்தால் 4,166 ரூபாய். பிள்ளைக்கு வருடத்துக்கு 277 ரூபாய் சொச்சம். சாக்பீஸ், பதிவேடு, பிரின்டருக்கு இங்க், ஆய்வகப் பொருள், உடைந்த குழாய், ஓடாத மின்விசிறி, பினாயில், துடைப்பம் எல்லாமே இதற்குள் அடங்க வேண்டும். ஒரு தடவை மோட்டார் காயில் கருகிவிட்டது என்றால் அந்த மாதக் கணக்கு போச்சு. அதற்கு மேல் ஆகும் செலவை ஆசிரியர்களே தங்கள் சட்டைப் பையிலிருந்து போடுவது சர்வசாதாரணம், யாரும் வெளியே சொல்வதில்லை.

புதிய கட்டடத்துக்குத் தனியாகப் பெரிய திட்டங்கள் இருக்கின்றன. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு 7,000 கோடி என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. சென்னையில் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் நிதியோடு நடந்த சிட்டிஸ் திட்டத்தில் 28 மாநகராட்சிப் பள்ளிகள் சேர்க்கப்பட்டன. ஆக, கட்டுவதற்கான பணம் எப்படியாவது ஒரு வழியில் வந்துவிடுகிறது. கட்டியதைப் பார்த்துக்கொள்ள வரும் பணம்தான் மெலிந்து கிடக்கிறது. கழிப்பறை கட்டுவது ஒரு தடவைச் செலவு. அதைத் தினமும் கழுவ ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். வயதுக்கு வந்த பெண் பிள்ளை பள்ளிக்கு வருவதும் வராமல் நிற்பதும் இந்தச் சின்னச் செலவில் போய் மாட்டிக்கொள்கிறது. உதவி செய்ய வருகிறவர்கள் முதலில் கட்டடத்தைத்தான் பார்க்கிறார்கள். பராமரிப்பைப் பார்த்தால் அதே பணம் இன்னும் அதிகப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

அமைப்புகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது

எல்லா அமைப்புகளையும் "என்.ஜி.ஓ." என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். செய்யும் வேலையோ வேறு வேறு.

சிலர் பணம் தருவதே இல்லை, பணத்தைக் கேட்கிறார்கள். அரசு தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் அவர்கள். சென்னையிலிருந்து இயங்கும் பொதுப் பள்ளிக்கான மாநில மேடை அப்படிப்பட்டது. அதன் பொதுச் செயலாளர் பிரின்ஸ் கஜேந்திரபாபுவைத் தொலைக்காட்சி விவாதங்களில் பார்த்திருப்பீர்கள். நாட்டு வருமானத்தில் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று 1964-66 கோத்தாரி குழு சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதே ஆறு சதவீதத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறது. அறுபது ஆண்டு ஆகப்போகிறது, இன்னும் எட்டவில்லை. இதைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆள் வேண்டும். இந்த வேலைக்குத் திறப்பு விழா கிடையாது, ரிப்பன் வெட்டும் போட்டோ கிடையாது. ஆனால் நாட்டு வருமானத்தில் கல்விக்கான பங்கு அரை சதவீதம் கூடினால், அதற்கு எல்லா அறக்கட்டளைகளும் சேர்ந்துகூட ஈடுகொடுக்க முடியாது. அதனால் இவர்களை நான் முதலில் வைக்கிறேன்.

அடுத்து, நன்கொடையை வாங்கிப் பள்ளியிடம் சேர்க்கும் அமைப்பு. அரசே தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி 2022 டிசம்பர் 19 அன்று சென்னையில் தொடங்கியது. டிவிஎஸ் குழுமத்தின் வேணு சீனிவாசன் தலைவர், விஸ்வநாதன் ஆனந்த் தூதர். அதன் இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று பார்த்துக் கொடுக்கலாம். முன்னாள் மாணவர்களுக்கு இதுதான் சுலபமான வழி. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1950களின் கடைசியில், என்.டி. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்த காலத்தில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்களே நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டித் தந்தார்கள், மேசை நாற்காலி வாங்கிப் போட்டார்கள். பேர் மாறியிருக்கிறது, ஊர்க்காரர்கள் பள்ளிக்குக் கொடுக்கும் வழக்கம் மாறவில்லை.

வகுப்பறைக்குள்ளேயே வந்து வேலை செய்கிறவர்கள் ஒரு வகை. டீச் ஃபார் இந்தியா இரண்டு வருடத்துக்கு முழுநேர இளைஞர்களை அனுப்புகிறது. 2006இல் சென்னையில் தொடங்கிய பூமி அமைப்பில் பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் வார இறுதியில் வந்து பாடம் சொல்லித் தருகிறார்கள். எய்ட் இந்தியா அடிப்படை வாசிப்பு, கணக்கு, அறிவியல் என்று வேலை செய்கிறது. நாளந்தாவே கலை வழியாகக் கற்பிக்கிறது. ரோட்டரி சங்கங்களும் ரவுண்ட் டேபிளும் வகுப்பறை, கழிப்பறை என்று கட்டித் தருகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான, எல்லோரும் மறந்துவிடும் அமைப்பு ஒன்று பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது இவர்கள் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்களை எல்லாப் பள்ளிகளிலும் மறுகட்டமைப்பு செய்தார்கள், 2024இல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அதாவது, நீங்கள் படித்த பள்ளிக்குள் சட்டப்படி உட்கார உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. மீன் விற்கும் அம்மா, ஆட்டோ ஓட்டும் அப்பா என்று அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த டீச்சர் நன்றாக நடத்துகிறார், எந்தப் பிள்ளை ஒரு மாதமாக வரவில்லை என்பது அவர்களுக்கு அத்துப்படி. எந்த அமைப்பாக இருந்தாலும் இவர்களைக் கேட்காமல் வேலையை ஆரம்பித்தால் அது பாதியில்தான் நிற்கும்.

கம்பெனிப் பணத்தின் குணம்

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கம்பெனி கடைசி மூன்று வருடச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 100 கோடி என்றால் 2 கோடி. கல்வியும் தொழில் பயிற்சியும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. சி.எஸ்.ஆர். பணம் என்று சொல்வது இதைத்தான்.

இந்தப் பணத்துக்குச் சில குணங்கள் உண்டு. கம்பெனி இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சட்டமே சொல்கிறது. அதனால் கிண்டி, அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் பள்ளிகளுக்குக் கொடுக்க ஆள் கிடைப்பது சுலபம், ஆலை இல்லாத ஊருக்குக் கஷ்டம். அப்புறம், ஒரு திட்டம் தொடங்கிய வருடத்தைத் தவிர்த்து மூன்று வருடத்துக்குள் அதை முடிக்க வேண்டும். நிர்வாகச் செலவு ஐந்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மார்ச் 31க்குள் செலவுக் கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடியும் சேர்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட பணம் இயல்பாகவே எதைத் தேடும்? சீக்கிரம் முடியக்கூடியதை, எண்ணிக் காட்டக்கூடியதை, பெயர்ப் பலகை வைக்கக்கூடியதை. கம்ப்யூட்டர், மேசை, ஸ்மார்ட் போர்டு. அதில் தப்பு இல்லை, அந்தப் பொருள்களும் தேவைதான். ஆனால் மூன்று வருடம் கழித்து அந்த ஸ்மார்ட் போர்டு பழுதானால் யார் சரிசெய்வது என்ற கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். குழுவில் இருந்தால், தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று ஆரம்பத்திலேயே ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஒரு வரி பல லட்ச ரூபாய்ப் பொருள்களை வீணாகாமல் காப்பாற்றும்.

படித்து முடித்த பிறகு

பணத்தைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. என் மனதில் முதலில் இருப்பது இனிமேல் சொல்லப்போவதுதான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை "வேலைக்குத் தயார் செய்வது" என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு தன்னம்பிக்கைப் பேச்சு. மேடை போட்டு, ஒருவர் மைக் பிடித்து, "உன்னால் முடியும்" என்று இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். தங்களால் முடியும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதிக்குள், எந்தத் தாளோடு போக வேண்டும் என்பதுதான் தெரியாது.

வியாசர்பாடியில் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். அப்பா மூலக்கொத்தளத்தில் மூட்டை தூக்குகிறார், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். பிளஸ் டூவில் 600க்கு 430. மே மாதம் ரிசல்ட் வருகிறது. கலைக் கல்லூரி விண்ணப்பம், பொறியியல் விண்ணப்பம், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று எல்லாக் கதவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் திறந்து, ஒரு சில வாரத்தில் மூடிவிடும். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 50 ரூபாய்தான். ஆனால் அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். பொறியியலில் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ஆதாரில் ஒரு மாதிரியும் மார்க் ஷீட்டில் ஒரு மாதிரியும் இனிஷியல் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அதைத் திருத்த இன்னும் பத்து நாள். அம்மா ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போகும். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அண்ணனிடம், அவன் டெலிவரி வேலையில் இருக்கிறான். ஓ.டி.பி. வரும்போது போன் வேறு ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் பிள்ளைகள் நழுவிப் போகிறார்கள். மதிப்பெண் குறைந்ததால் அல்ல, ஒரு தாள் குறைந்ததால்.

அவளுக்காக அரசு ஒதுக்கி வைத்திருப்பது கொஞ்சம் அல்ல. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. பெண் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப்பெண், ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்ட் 9 முதல் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரைக்கும், டிகிரி, டிப்ளமா, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும். மாநகரச் சாதாரணப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவ்வளவையும் ஒரு பதினேழு வயதுப் பெண் தானாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும் என்று நினைப்பது நியாயமா?

சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அவற்றில் தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் கிடைக்கும், 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்காது. ஒரே தெருவில் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வரும் இரண்டு பிள்ளைகளுக்கு வேறு வேறு கணக்கு. வழிகாட்ட வருகிறவருக்கு முதலில் இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் நம்பிக்கை கொடுத்துவிட்டு ஜூலையில் இல்லை என்று சொல்வது கொடுமை.

அரசின் பக்கம் இதற்கான பெரிய முயற்சி நான் முதல்வன். 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று பள்ளியிலேயே சொல்லித் தருவது, கல்லூரிகளுக்கு நேரில் கூட்டிப்போய்க் காட்டுவது எல்லாம் அதில் வரும். எங்கும் சேராமல் நின்றுபோனவர்களைத் தேடிப் பிடிக்கும் முகாம்களுக்கு உயர்வுக்குப் படி என்று பெயர். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். சேர்ந்தவர்களைப் பாராட்டுவது எல்லோரும் செய்வது, சேராதவர்களைத் தேடிப்போவது அரிது.

தனியார் அமைப்புகளில் அகரம் அறக்கட்டளையை எல்லோருக்கும் தெரியும். நடிகர் சூர்யா 2006இல் தொடங்கியது. 2010இலிருந்து நடக்கும் விதைத் திட்டத்தில், விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் போய்ப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நடைமுறை மிகப் பெரிய விஷயம். விண்ணப்பப் படிவத்தில் வராத எத்தனையோ சேதி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். டீம் எவரெஸ்ட் கல்லூரி உதவித்தொகையோடு வழிகாட்டியாக ஒருவரையும் சேர்த்துவிடுகிறது. அவதார் அறக்கட்டளையின் புத்ரி திட்டம் அரசுப் பள்ளி மாணவிகள் படிப்போடு நின்றுவிடாமல் வேலைக்குப் போகும் எண்ணத்தைச் சின்ன வயதிலேயே விதைக்கப் பார்க்கிறது.

கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் போய் உட்காரும்போது என்ன நடக்கும் என்று அந்த அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். புரியாததைக் கேட்கக் கூச்சம். இரண்டு பேப்பர் அரியர் விழுந்தால் "நமக்கு இது சரிவராது" என்று தோன்றிவிடும். உதவித்தொகையும் சேர்ந்த அன்றே வராது. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், கல்லூரி சரிபார்க்க வேண்டும். அந்த முதல் மூன்று நான்கு மாதத்துக்குப் புத்தகம், லேப் கோட், மொபைல் டேட்டா, இரண்டு செட் துணி என்று சில ஆயிரம் ரூபாய் யார் தருவது? பெரிய நன்கொடையாளர்கள் இந்தச் சில ஆயிரத்தைக் கவனிப்பதே இல்லை. ஒரு பிள்ளையின் படிப்பு நிற்பதும் தொடர்வதும் அதில் இருக்கிறது.

எல்லோரும் டிகிரிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. தரமணியில் ஒரே வளாகத்தில் மத்தியப் பாலிடெக்னிக், அச்சுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம், ஜவுளி, வேதித் தொழில்நுட்பம் என்று அரசு நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகமும் அங்கேதான். கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கு சிப்பெட். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இவை அதிகத் தூரம் இல்லை, ஆனாலும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வளர்கிறவர்கள் ஏராளம். அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவர் டிப்ளமாவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமா முடித்தவர் பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். ஐ.டி.ஐ. என்றால் அங்கேயே முடிந்துபோகும் பாதை என்று நினைக்கும் பெற்றோருக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எந்த அமைப்போடு சேர்வது?

மூன்று கேள்வி கேளுங்கள் போதும். பள்ளியில் எந்தச் செலவை அரசு ஏற்கெனவே செய்கிறது என்று அவர்களுக்குத் தெரிகிறதா? போன வருடம் உதவிய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல முடிகிறதா? மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மாவின் பெயராவது அவர்களுக்குத் தெரியுமா? வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது, ஆண்டறிக்கை, கம்பெனிப் பணம் வாங்குவதாக இருந்தால் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எல்லாம் கட்டாயம் பார்க்க வேண்டியவைதான், ஆனால் அவை நாணயத்தைக் காட்டும், வேலையின் தரத்தைக் காட்டாது.

பணம் இல்லை, நேரம்தான் இருக்கிறது என்பவர்களுக்கு மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் வேலை காத்திருக்கிறது. பத்துப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டு, அவர்களின் சான்றிதழ்களை வரிசையாகச் சரிபார்த்து, விண்ணப்பக் கடைசித் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை போன் போட்டு விசாரிக்க ஒரு லேப்டாப்பும் பொறுமையும் போதும். பெண் பிள்ளைகளிடம் பேசுவதாக இருந்தால் பள்ளி ஆசிரியை மூலமாக, பெற்றோருக்குத் தெரிந்து பேசுங்கள். எந்தத் திட்டத்தில் சந்தேகம் வந்தாலும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் கேட்கலாம், பிள்ளைகளும் கேட்கலாம்.

உண்மையில் இந்த வேலை மே மாதத்தில் தொடங்கினால் தாமதம். பொதுத் தேர்வு நெருக்கடி வருவதற்கு முன்னால், டிசம்பர் ஜனவரியிலேயே தலைமையாசிரியரைப் பார்த்து, பன்னிரண்டாம் வகுப்பில் யார் யாருக்குச் சாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, யார் ஆதாரில் பெயர் தப்பாக இருக்கிறது என்று ஒரு பட்டியல் கேளுங்கள். சென்னையின் ஏதோ ஒரு பள்ளியில் அந்தப் பட்டியலில் சாதிச் சான்றிதழ் இல்லாத இருபது பெயர் இருந்தால், அதை மார்ச்சுக்குள் சரிசெய்ய ஆகும் செலவு 60 ரூபாய் வீதம் 1,200 ரூபாய்.